இளவரசியின் இடது கன்னம்

1

இது நானாகக் கற்பனை செய்த கதை அல்ல. என் புத்தகத்துக்கு அட்டைப்படம் வாங்கப் பாகூர் போயிருந்தேன். அங்கே கம்ப்யூட்டரில் படம் வரைந்து போர்டு அடித்துத் தரும் ஹேமலதா சொன்னது. வீட்டுக்கு வந்ததும் இப்படித் தொடங்கினேன்:

'சோரியாங்குப்பத்து இளவரசி, பளிங்கு போன்ற முகத்தில் புன்னகை மாறாத...'

அந்த வரியை அடித்துவிட்டேன். [இளவரசியின் இடது கன்னம் முழுக்கத் தீக்காயத் தழும்பு. முதல் வரியிலேயே அதை மறைக்கப் பார்த்திருக்கிறேன்.]

2

இளவரசிக்கு முப்பத்தொரு வயது. பாகூர் கடைத்தெருவில் தையல் கடை திறக்க இடம் பிடித்திருந்தாள். முகப்பு போர்டில் அவள் முகத்தை ஓவியமாகப் போடச் சொல்லி, அண்ணன் நாகராஜன் ஹேமலதாவுக்கு ஒரு செல்போன் படத்தை அனுப்பியிருந்தார். ஹேமலதா வரைந்தாள். மெழுகுப் பொம்மைபோல மழமழவென்று வந்தது. மறுநாள் பார்க்க வந்த இளவரசி திரையின் முன்னால் குனிந்தாள்.

"யாருக்கா இது?"

"நீதாம்மா. உங்க அண்ணன் குடுத்த படம்."

"அது தழும்ப போனே அழிச்சித் தர்ற மூஞ்சி. எம் மூஞ்சியப் போடு."

அவள் செல்போனில் தேடினார்கள். பதினோரு வருடத்துப் படங்களில் தழும்பு தெரிந்தது ஒன்றுகூட இல்லை.*

* ஆதார் அட்டைப் படம் இருந்தது. அதில் முகமே தெரியவில்லை.

3

தழும்பு எப்படி வந்தது? 'கரும்புச் சோகை கொளுத்திய அன்று காற்று திசை மாறி...' என்று ஒரு பத்தி எழுதினேன். 'அடுப்பு வெடித்து...' என்று இன்னொன்று. கடைசியில் இளவரசியையே போய்க் கேட்டேன்.

"அத எழுதாதீங்க சார். படிக்கிறவங்க அதையே புடிச்சிக்கினு என்ன வுட்டுருவாங்க."

இரண்டு பத்திகளும் போயின.

4

ஓவியத்தின் மழமழப்பைப் போக்க ஒரு வழி உண்டு. மண், துணி, சுவர் என்று எதையாவது படமெடுத்து, அதை ஓவியத்தின்மேல் இன்னொரு அடுக்காக ஏற்றி, கீழே உள்ள நிறம் தெரியும்படி கலக்க வேண்டும். ஹேமலதா தன்னிடமிருந்த மரப்பட்டைப் படத்தை ஏற்றிப் பார்த்தாள். பிறகு கசங்கிய காகிதத்தை.

"எங் கன்னம் இன்னா வேலமரமா? நானே இங்க குந்திக்கினு கீறேன். என்னயே எடுக்கா."

வாசலில், காலை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஹேமலதா கிட்டே போய்க் கன்னத்தை மட்டும் எடுத்தாள். அவசரமாக அழுத்திவிட்டுப் பின்வாங்கியதில் முதல் படம் கலங்கிவிட்டது.

"இன்னாத்துக்குக்கா பயப்புடுற? எனக்கு வலிக்காது. இன்னொன்னு எடு."

அந்தப் படத்தில் நிறத்தை நீக்கி, மேடுபள்ளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஓவியத்தின் இடது கன்னத்தில் பொருத்தினாள். ஓரங்களை மெல்ல மெல்ல அழித்துக் காதுவரை இழைத்தாள். இரண்டு மணி நேரம். பக்கத்திலேயே இருந்த இளவரசி, "கீழ இன்னும் கொஞ்சம் தூக்கலா வைக்கா" என்றாள்.

5

நாகராஜன் பார்த்துவிட்டுக் கத்தினார். "வர்ற பொம்பளைங்க பயந்துக்கினு திரும்பிப் பூடும். பேசாம பழசையே அடி."

"உள்ள வந்தா இதே மூஞ்சிதானண்ணா நிக்கப் போவுது?" என்றாள் இளவரசி.

அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் திறப்பு நாள் காலை ஏணியோடு வந்தவர் அவர்தான். [அவர் மனம் மாறிய காட்சியை ஐந்து முறை எழுதினேன். ஐந்தும் பொய். எனக்கு அது தெரியாது.] ஏறி நின்று போர்டின் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தார். எதிர் டீக்கடையிலிருந்து யாரோ கேட்டார்கள்:

"இன்னா நாகராஜு, மூஞ்சி இப்டி கீது?"

"எந் தங்கச்சி. அப்டிதான் கீது," என்றார் ஏணியிலிருந்தே.

6

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் கடையில் கூட்டம். ஒன்றில் யாரும் வராமல் போர்டு இறங்குகிறது. மூன்றாவதில் தீக்காயம் பட்ட ஒரு சிறுமி போர்டைப் பார்த்து... வேண்டாம், வெட்கமாக இருக்கிறது.

மூன்றையும் கடைக்குப் போய் இளவரசியிடம் படித்துக் காட்டினேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தொறந்து பன்னெண்டு நாளுதான் சார் ஆவுது. அதுக்குள்ள இன்னா முடிவு?"

அப்போது வாசலில் ஒரு பெண் துணிப்பையோடு நின்று போர்டை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே வந்தாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இளவரசி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். அதை மட்டும் மாற்ற வேண்டாம்.