பக்கத்து வீட்டு ஆன்ட்டி

பூமாரிக்கு மூன்று வயதில் அம்மா இறந்துபோனாள். அப்பா செல்லப்பாண்டி மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறைக்குக் காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவார். பிள்ளையை எங்கே விடுவது என்று அவர் முழித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டு சலாவுதீனின் மனைவி கேட்காமலே வந்து தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்கும் அதே வயதில் சஃப்ரீன் இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் சோறு பிசைந்து ஊட்டினாள். சஃப்ரீன் தன் அம்மாவை "உம்மா" என்று கூப்பிட்டாள், பூமாரியும் அப்படியே கூப்பிட்டாள். யாரும் திருத்தவில்லை.

இரண்டாம் வகுப்பில் ஒருத்தன், "உம்மாவா? முத்தமா கேக்க?" என்று இளித்தான். பூமாரி அவன் கையைக் கடித்து வைத்தாள். அப்பேர்ப்பட்டவள்தான்.

அவளுக்குப் பத்து வயதானபோது, மே மாத லீவில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. எல்லை எங்கோ இருந்தது. ஆனால் டிவியில் ஒருவர் தொண்டை கிழியக் கத்தி, அந்த நாட்டை ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டிருந்தார். மும்பையிலும் போர் ஒத்திகைக்கு அபாயச் சங்கு ஊதினார்கள். மறுநாளே சந்துப் பிள்ளைகளுக்குப் புது விளையாட்டு கிடைத்துவிட்டது. அவர்களில் ஹரி என்பவன் வாயாலேயே சங்கு ஊதுவான், இந்தியா சுடும், பாகிஸ்தான் செத்து விழ வேண்டும்.

சாவதற்கு ஆள் வேண்டுமே!

"ரூல் சிம்பிள்," என்றான் ஹரி. "வீட்டுல உம்மான்னு கூப்புடுதவங்கல்லாம் பாகிஸ்தான். நட, சஃப்ரீன், கட்டர் பக்கம் போ."

போன பெருநாளைக்கு அந்த உம்மா செய்த பிரியாணியை இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றவன்தான் இவன். சஃப்ரீன் சாக்கடை ஓரம் போய் நின்றாள். ஹரி பூமாரியின் பக்கம் திரும்பினான்.

"நீயும் உம்மான்னுதான கூப்புடுத?"

பூமாரி செத்து விழ விரும்பவில்லை. எல்லோரும் நிற்கிற பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து உம்மா வாசலுக்கு வந்தாள்.

"ஏ புள்ளைகளா, சோறு ஆறுது. வாங்க!"

"இந்தா வாரேன், ஆன்ட்டி!" என்றாள் பூமாரி.

"யாருட்டி அது?" என்றான் ஹரி, வேண்டுமென்றே.

"பக்கத்து வீட்டு ஆன்ட்டி."

உம்மா ஒரு நிமிடம் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். ஹரி சங்கு ஊதினான். பூமாரி விரலை நீட்டிச் சுட்டாள். சஃப்ரீன் அவளையே பார்த்துக்கொண்டு, விளையாட்டு விதிப்படி ஒழுங்காகச் செத்து விழுந்தாள். அன்று பூமாரி சாப்பிடப் போகவில்லை. அடுத்த இரண்டு நாளும் அப்பா வாங்கிவந்த வடாபாவைத் தின்று சமாளித்தாள்.

சனிக்கிழமை சண்டை நின்றுவிட்டது என்றார்கள். பெரியவர்களுக்கு நாலே நாளில் அலுத்துவிட்டது. பிள்ளைகள் கிரிக்கெட்டுக்குத் திரும்பினார்கள். ஹரி, வெட்கமே இல்லாமல், சஃப்ரீனைத் தன் டீமுக்கு பௌலராகக் கூப்பிட்டான். அப்படியென்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பூமாரி நினைத்தாள். ஞாயிறு மத்தியானம் ஓடிப்போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

உம்மா அவள் முன்னால் ஒரு தட்டு வைத்தாள். சஃப்ரீன் இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"உம்மா..." என்றாள் பூமாரி.

"ஆன்ட்டின்னே கூப்புடு, தங்கம்."

"வெளாட்டுக்குச் சொன்னேன் உம்மா. சத்தியமா வெளாட்டுக்குத்தான்."

"தெரியும்ட்டி. ஒம்மேல கோவமே இல்ல." உம்மா அவள் தலையைத் தடவினாள். எப்போதும்போலத்தான் தடவினாள். "நீ சொன்னதுதான் சரி. நாளைக்கு இன்னொரு சண்டை வரும். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு பழகுனா, என்னைக்காவது வாய் தவறிரும்லா? ஒனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?"

திட்டியிருக்கலாம். முதுகில் ரெண்டு வைத்திருந்தால்கூட பூமாரி அழுது தீர்த்திருப்பாள். உம்மா அவள் தட்டில் மீன் குழம்பை ஊற்றிவிட்டு அடுப்புப் பக்கம் போனாள்.

பூமாரி தலை குனிந்து சாப்பிட்டாள். குழம்பு தீர்ந்துவிட்டது. இன்னும் பசித்தது. சட்டி உம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

என்னவென்று கூப்பிட்டுக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. வெறும் சோற்றைத் தின்று முடித்து எழுந்தாள்.