நூற்றுக்கு எழுபது

தனசேகரனின் முதல் அடி ஜீப் டிரைவர் தமிழழகனின் வாயில் விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கையைக் குறுக்கே கொடுத்தான். ஜாக்கிக் கம்பி பட்டு எலும்பு முறிந்த சத்தம் பத்தடி தள்ளி நின்ற எழில்மதிக்கே கேட்டது.

கல்வராயன் மலை அடிவாரத்து ஜீப் ஸ்டாண்டில் அன்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அருவி பார்க்கப் போன தனசேகரனின் குடும்பம் தமிழழகனின் ஜீப்பில்தான் இறங்கி வந்தது. இறங்கிய பிறகே அவர் மனைவி அமிர்தம் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். மூன்று பவுன் சங்கிலி இல்லை. எங்கே போனது, எப்போது போனது, ஒருவருக்கும் தெரியாது. யாரை அடிப்பது என்பது மட்டும் உடனே தெரிந்துவிட்டது. அமிர்தத்தின் தம்பி பாரதியின் செல்போனில் ஒரு பட்டியல் இருந்தது.

அந்தப் பட்டியலைப் போட்டவளே எழில்மதிதான். நைனார்பாளையத்துப் பெண். ஒரு சுற்றுலா கம்பெனிக்காக இரண்டு மாதம் இதே இடத்தில் வெயிலில் நின்று, மலையிலிருந்து வருகிறவர்களைக் கெஞ்சிக் கூத்தாடிப் படிவம் நிரப்பினாள். எதில் இறங்கினீர்கள், பொருள் ஏதாவது தொலைந்ததா, இப்படிக் கேள்விகள். வேலை முடிந்த பெருமையில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அங்கிருந்து அது ஊர் ஊராகப் போனது. பொருள் தொலைத்தவர்களில் ஜீப்பில் வந்தவர்கள் 70 சதவீதம், மினி பஸ்ஸில் வந்தவர்கள் 30 சதவீதம். மொத்தம் எத்தனை பேரைக் கேட்டோம் என்ற அடிவரி படத்தில் அடங்கவில்லை. வெட்டிவிட்டாள். பட்டியலின் உயிரே அந்த வரியில்தான் இருந்தது, அதைப் பார்த்து வெட்டினாள் மகராசி.

"நூத்துக்கு எழுவது பேரு இவனுங்க ஜீப்புல பறிகுடுத்துகினு போயிருக்காங்க! கவர்மெண்டு கணக்குடா!" என்று கத்தினான் பாரதி. கவர்மெண்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கத்திக்கொண்டே தமிழழகனின் விலாவில் உதைத்தான். தமிழழகன் ரத்தமாகத் துப்பினான்.

மினி பஸ் கண்டக்டர் சுபாஷ் ஒருவன்தான் உள்ளே புகுந்தான். முதுகில் இரண்டு வாங்கிக்கொண்டு, தன் துண்டை எடுத்துத் தமிழழகனின் முறிந்த கையைச் சுற்றினான்.

இன்னும் நாலு அடி விழுந்தால் தமிழழகன் செத்துப்போவான், தன் பட்டியலால் சாவான். எழில்மதி ஜீப்பின் முன்பக்கம் ஏறி நின்றாள்.

"நிறுத்துங்க! அந்தக் கணக்குப் போட்டவளே நான்தாங்க! எழுவது பேரு இல்லீங்க. தொலச்சவங்களே மொத்தம் பத்துப் பேரு. அதுல ஏழு பேரு ஜீப்பு, அவ்ளோதான்."

கம்பி பாதியில் நின்றது.

"ஜீப்புல எறங்கனவங்க இருநூறு பேருங்க. இருநூறுல ஏழு. நூத்துக்கு மூணரை. ஜீப்புல கூட்டம் ஜாஸ்தி, அதனால தொலச்சவங்கள்லயும் ஜீப்புல வந்தவங்க ஜாஸ்தி."

தனசேகரன் நெல் போடுகிறவர். "ஏக்கரா ஜாஸ்தின்னா மூட்டையும் ஜாஸ்தி. புரியுது," என்றார். கம்பியைத் தாழ்த்தினார்.

எழில்மதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு மாதத்தில் ஒருவர்கூட அவள் கணக்கை உட்கார்ந்து கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் கெட்டாள்.

"அப்ப மினி பஸ்ஸுல இன்னா கணக்கு?" என்று கேட்டார் தனசேகரன்.

"அதுல நாப்பது பேருதாங்க வந்தாங்க. மூணு பேரு தொலச்சாங்க. நூத்துக்கு ஏழரை."

"ஜீப்ப வுட டபுளு!" என்றான் பாரதி.

"போறப்ப நாம மினி பஸ்ஸுலதானேடா போனோம்," என்றாள் அமிர்தம்.

எல்லாத் தலைகளும் சுபாஷ் பக்கம் திரும்பின. அவன் இன்னும் குனிந்து துண்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். பாரதி அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து, முகத்தை ஜீப் பம்பரில் மோதினான். பல் உடைந்து தெறித்தது.

நாற்பதில் மூன்று என்பது ஒரு கணக்கே இல்லை. அந்த மூவரில் ஒருத்தி தன் செல்போனை அருவியில் நழுவ விட்டவள். அவளை எடுத்துவிட்டால் ஏழரை ஐந்தாகிவிடும். முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். எழில்மதி கீழே குதித்தாள்.

"அய்யோ, மூணு பேர வெச்சி ஒண்ணும் சொல்ல..."

அவள் சுடிதாரை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். தமிழழகன். நல்ல கையால் பிடித்திருந்தான்.

"யக்கா, வாய மூடுக்கா. நீ பேசனா மறுபடி எங்கிட்டதான் வருவானுங்க."

அவர்கள் சுபாஷைத் தரையில் தள்ளி உதைத்தார்கள்; எழில்மதி நின்றாள், அவ்வளவு நேரமும் நின்றாள்.

தரையில் கிடந்த சுபாஷ், ரத்தம் வழிகிற கண்ணால் அவளைத்தான் தேடினான்.

"யக்கா, நாப்பதுல மூணுன்னா கம்மிதானக்கா? சொல்லுக்கா."

அவள் வாய் திறப்பதற்குள் தனசேகரன் அவன் மேல் கம்பியை இறக்கினார்.