கரையான் தின்ற துரை பூட்ஸ்

1

எங்கள் தோட்டத்து நாய்க்குட்டி ஒன்று, இடுப்பில் துப்பாக்கியோடு நின்ற ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் துரையின் பூட்ஸை, அவர் அதைக் காலில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும்போதே, அவருக்குத் தெரியாமல் தின்று முடித்தது.

நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. மலேசியாவில் சிரம்பான் – போர்ட்டிக்சன் தடத்தில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "பின்னால இடம் இருக்கு, உள்ள போங்க" என்று நான் கத்தியதை ஒரு பயணிகூட நம்பியதில்லை. ஆனாலும் உள்ளே போனார்கள். நீங்களும் அப்படியே உள்ளே வாருங்கள்.

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் ராசா ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மகள் நீலாவதி ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தாள். அது என் செருப்பைத் தின்றது, நாற்காலிக் காலைத் தின்றது, டெலிபோன் ஒயரைத் தின்றது. "இத எப்படிப்பா நிறுத்துறது?" என்றாள். "பால் குடு" என்றேன். அவள் ஐஸ்பெட்டியைத் திறந்து பால் எடுத்தாள். எனக்கு வந்த சிரிப்பில் நாற்காலியின் மிச்சமும் உடைந்தது.

எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் இராஜமாணிக்கம் மாமா. அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்து மண்டோர், வேலையாட்களை மேய்த்தவர். இப்போது மம்பாவில் மகன் வீட்டில் இருக்கிறார். "டேய், ஒங்கம்மா கதைய ஆரம்பிக்காத. அம்புட்டும் பொய்லா" என்றார்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். மாமாவும் எதிரே உட்கார்ந்துவிட்டார். நான் எழுதியதை வாசிப்பேன், அவர் மறுப்பார். அவர் மறுப்பதையெல்லாம் அடைப்புக்குள் போட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "வெண்பனி போர்த்திய ரப்பர் மரங்களுக்கு நடுவே" — வேண்டாம். இந்தப் பனி எல்லாத் தோட்டத்துக் கதையிலும் பெய்துவிட்டது. ஓய்வெடுக்கட்டும்.

இரண்டாம் தொடக்கம்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று. அவசரகாலம். ஏகாதிபத்தியத்தின் இரும்புக்கரம் மலாயா மண்ணை" — இதுவும் வேண்டாம். நாய்க்குட்டிக்கு ஏகாதிபத்தியம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தோல், மரம், துணி.

மூன்றாவது: மயிலம்மாளுக்குப் புது லயத்தில் யாரையும் தெரியாது.

இதை வைத்துக்கொள்கிறேன். வேடிக்கை இல்லாத வாக்கியம், ஆனால் உண்மை. மாமாகூட மறுக்கவில்லை.

3

மயிலம்மாளுக்குப் புது லயத்தில் யாரையும் தெரியாது. காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, காலி செய்து, எல்லாரையும் ஒரே முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கல்யாணமாகி வந்த புதிது. புருஷன் அர்ச்சுனன் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகி லிங்கிப் பக்கம் காவலுக்குப் போய்விட்டான். பக்கத்து வீட்டில் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும். ரப்பர் மரத்தில் கோடு வெட்டி, வடிந்த பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்தால், கதவைச் சாத்திக்கொள்வாள்.

லீவில் வந்த அர்ச்சுனன் சட்டைக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் குட்டியை எடுத்து அவள் மடியில் போட்டான். "காவல் கொட்டாய்க்கு அடியில கெடந்துச்சு. நான் வர்ற வரைக்கும் இதுகிட்ட பேசிக்கிட்டு இரு."

பேசினாள். அது பதிலுக்குக் கடித்தது. முதலில் அவளுடைய முந்தானை, பிறகு பால்கத்தியின் பிடி, பிறகு வாளி தூக்கும் காண்டாக்கம்பு. வீட்டுக்குள் தீர்ந்ததும் வெளியே போனது. பக்கத்து வீட்டு மங்கம்மாவின் கட்டைச் செருப்பில் வார் போயிற்று. அடுத்த வீட்டுப் பாய் போயிற்று. கோயில் மேளத்தின் ஒரு பக்கம் —

(மாமா: "மேளமெல்லாம் இல்ல. எழுதுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?")

சரி, மேளம் இல்லை. மேளத்தின் வார்.

லயமே அதற்குக் 'கரையான்' என்று பேர் வைத்தது. மயிலம்மாள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று மன்னிப்புக் கேட்டாள். மங்கம்மா முதல் நாள் மண்ணை வாரித் தூற்றினாள். மறுநாள், "ஏன்டி, அதுக்கு நீ சோறு போடுறியா, இல்ல ஊரு செருப்புத்தான் சாப்பாடா?" என்றாள். அதற்கு மறுநாள், "உள்ள வந்து ஒக்காருடி. வாசல்லயே நிக்கிற, கடன்காரி மாதிரி" என்றாள். மயிலம்மாள் அவளை 'அக்கா' என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். பாய் போன வீட்டில் ஒரு சின்னம்மா கிடைத்தாள். மேள வார் போன வீட்டில் ஒரு அண்ணன். கரையான் வாய் வைத்த இடமெல்லாம் அவளுக்கு ஓர் உறவு முளைத்தது.

அது மண்டோர் காலில் போடும் சப்பாத்தில் வாய் வைத்த பிறகுதான் வினை.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். மண்டோரை வில்லனாக்குவதா, வேண்டாமா? எதிரே உட்கார்ந்து என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கும் மனிதரை எப்படி வில்லனாக்குவது? (மாமா: "ஆக்கிக்க. எனக்கென்ன. மீசைய மட்டும் பெருசா போடு.")

பெரிய மீசை வைத்த மண்டோர் இராஜமாணிக்கம், வலது சப்பாத்தின் முனையில் இருந்த ஓட்டை வழியாகப் பெருவிரல் எட்டிப் பார்க்க, மயிலம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"இந்தா பொண்ணு. நாய்னா கொலைக்கணும். இது கொலைக்காது, திங்கும். போலீஸ் தொரை பேச வர்றாரு. அதுக்குள்ள இது வாய மூடணும். இன்னொரு சாமான் போச்சுன்னு என் காதுல விழுந்துச்சு, லாரில ஏத்தி லிங்கி ஆத்தோரம் எறக்கி விட்டுருவேன்."

மயிலம்மாள் குட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்த வேலிக்குள் அவளுக்கென்று முதலில் வந்த உயிர் அது. அதுவும் போய்விட்டால், மறுபடி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

வேலிக் கதவருகே கடை வைத்திருந்த மஸ்தான் நானாவிடம் போய் அழுதாள். நானா நாகூர்க் கடலோரத்திலிருந்து வந்தவர். குட்டியின் ஈறை விரலால் தடவிப் பார்த்தார்.

"பல்லு மொளைக்குதும்மா, அதான் நமநமன்னு இருக்கும். பால் குடு. அது பாட்டுக்குக் கெடக்கும்."

"பாலா நானா?"

"பால்தான். ஆனா எங்கிட்ட கேக்காத. காட்டுக்குள்ள போயிரக் கூடாதுன்னு டின்ன ஓட்ட போட்டுத்தான் விக்கணும்னு ஆர்டர். நாய்க்குன்னு சொன்னா என் கடைய மூடிருவானுங்க."

அவர் ஏன் டின்னைப் பற்றிப் பேசுகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.*

* நீலாவதிக்கு விளங்காமல் போனதும் இதுவேதான், ஆனால் தலைகீழாக. மயிலம்மாள் பிறந்ததே ரப்பர்க் காட்டில். அவள் வீட்டில் தேத்தண்ணியில் ஊற்றுவதற்குப் பேர் 'சூசு'. பால் என்றால் மரத்திலிருந்து வடிவது, வாளியில் சுமப்பது, அதை நம்பித்தான் குடும்பமே. நானா சொன்னது ஒரு பால், அவள் கேட்டது வேறு பால். (மாமா: "இது மட்டும் நெசம். நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்.")

5

மறுநாள் காலை, மரத்தை வெட்டுவதற்கு முன், முந்தின நாள் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலைக் கயிறு மாதிரி உருவினாள் மயிலம்மாள். அதற்குக் கோட்டுப்பால் என்று பேர். தோட்டத்துச் சொத்து, ஸ்டோரில் கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். அதில் ஒரு கீற்றை மட்டும் எடுத்துச் சுருட்டிக் கரையானிடம் போட்டாள்.

குட்டி முகர்ந்தது. தும்மியது. பிறகு கடித்தது. கடித்தால் அமுங்கியது, விட்டால் எழுந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் மூக்கில் அடித்தது. இப்படி எதிர்த்து விளையாடும் பொருளை அது வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை. சாயங்காலம் வரை சத்தமே இல்லை. மங்கம்மா வந்து, குட்டி செத்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தாள்.

"அடிப்பாவி, இம்புட்டு பெரிய ரப்பர் காட்டுல இருந்துக்கிட்டு இது நமக்குத் தோணலையே!"

மறுநாளிலிருந்து மங்கம்மா தன் மரத்திலிருந்து ஒரு கீற்று கொண்டுவந்தாள். பாய் போன சின்னம்மா ஒரு கீற்று. மேளக்கார அண்ணன் ஒரு கீற்று. எல்லாருமாகச் சுற்றிச் சுற்றித் தேங்காய் அளவுக்கு உருண்டை செய்துவிட்டார்கள். அழுகிய முட்டை வாசம் அடிக்கும். அந்த நாற்றத்தைச் சகித்துக்கொண்டு லயத்துப் பெண்கள் மயிலம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். அவள் கதவு சாத்தவேயில்லை.

செருப்புகள் பிழைத்தன, பாய்கள் பிழைத்தன. கரையான் இனி ரப்பரைத் தவிர எதையும் தொடாது.

ரப்பரைத் தவிர. இந்த வார்த்தையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஸ்டாப்பில் தேவைப்படும்.

6

துரை வந்தார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிறுத்தினார்கள். ஒரு மேசை, அதன்மேல் தரையைத் தொடுகிற வெள்ளைத் துணி. மேசைக்குப் பின்னால் துரை, ஒரு பக்கம் மொழிபெயர்க்கத் தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளை கிராணி, மறுபக்கம் மண்டோர்.

துரை போட்டிருந்தது காட்டுப் பூட்ஸ். மேலே கான்வாஸ். அடியில் —

ஆமாம், அதேதான். காட்டு ஈரத்தில் ஊறிக் குதிப்பக்கம் கொஞ்சம் விட்டும்போயிருந்தது.

மேசைத் துணி ஒரு முறை அசைந்ததை மயிலம்மாள் பார்த்தாள். பிறகு ஒரு கறுப்பு வால் தெரிந்தது. கூப்பிட்டால் துரை குனிந்து பார்ப்பார். கூப்பிடாவிட்டால் குட்டி நிறுத்தாது. மங்கம்மா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"காட்டில் இருப்பவனுக்கு ஒரு வாய்கூடத் தின்னக் கொடுக்கக் கூடாது" என்று துரை சொல்ல, கிராணி அதை மூன்று மடங்கு நீட்டிச் சொன்னார். துரையின் காலடியில் ஒருவன் தின்றுகொண்டிருந்தான். மண்டோருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. அப்படி ஓர் இருமல். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, மீசை துடித்தது. துரை பேச்சை நிறுத்தி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

பேச்சு முடிந்தது. துரை நடந்தார். ஒரு பக்கம் தாழ்ந்தது. நின்றார், திரும்பினார், மேசைக்கு அடியில் பார்த்தார்.

7

இங்கே எனக்கு முடிவு கிடைக்கவில்லை. சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) துரை குதித்துண்டையும் குட்டியையும் கண்டார். இடுப்புத் துப்பாக்கியை — இல்லை. இதை எழுத என் கை வராது.

ஆ) துரை விழுந்து விழுந்து சிரித்து, கரையானைக் கப்பலில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது அரண்மனைக் கம்பளத்தை — (மாமா: "போதும்.")

இ) அம்மா சொன்ன முடிவு. ஆமாம், மயிலம்மாள் என் அம்மா. அந்த வருஷக் கடைசியில்தான் நான் பிறந்தேன். துரை பார்த்தபோது மேசைக்கு அடியில் ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் துண்டு எதுவுமே இல்லை. குதியை எங்கோ காட்டில் விட்டுவிட்டோம் என்று நினைத்தோ என்னவோ, துரை நொண்டிக்கொண்டே ஜீப் ஏறினார். கரையான் எங்கள் வீட்டிலேயே கிழடாகி, பல்லெல்லாம் போய், அந்த உருண்டையை நக்கிக்கொண்டே கிடந்தது. துண்டைப் பிள்ளையார் மறைத்தார் என்றாள் அம்மா. சாகும்வரை அவருக்குத் தேங்காய் உடைத்தாள்.

இதில் எதை எடுப்பது? எனக்குத் தெரியாது. நான் களத்தில் இல்லை. டிக்கெட் உங்கள் கையில் இருக்கிறது, இறங்கும் இடத்தை நீங்களே சொல்லுங்கள், என்று எழுதிப் பேனாவை வைத்தேன்.

வாசித்துக் காட்டினேன். மாமா காப்பியை முழுக்கக் குடித்து முடித்தார். அவர் சொன்னதை அடைப்புக்குள் போட மனம் வரவில்லை.

"பொய்லா. முழு பூட்ஸையும் எங்க தின்னுச்சு? குதி மட்டும்தான்."

"அப்ப... தின்னுச்சா மாமா?"

"பக்கத்துல நின்னவன் நானு. மண்டோரா இருந்துக்கிட்டு நான் அத வெளிய சொல்ல முடியுமா? இருமல்னா நெனச்ச? சிரிப்புடா. அடக்க முடியாம இருமுனேன்."

வைத்த பேனாவை மறுபடி எடுத்தேன்.

"தொரை திரும்பறதுக்குள்ள அந்தத் துண்ட என் சப்பாத்துக்குக் கீழ இழுத்து மிதிச்சுக்கிட்டேன். எட்டாமத்தான் கெடந்துச்சு." காலைக் கொஞ்சம் நீட்டி, வலது பெருவிரலை ஆட்டிக் காட்டினார். "ஒங்க நாயி போட்ட ஓட்ட இருந்துச்சில்ல. அது வழியா இத நீட்டித்தான் இழுத்தேன்."

அம்மா உடைத்த தேங்காய்களெல்லாம் யாருக்குச் சேர வேண்டியவை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எழுந்து உள்ளே போனேன். சமையல்கட்டில் ஒரே ஒரு தேங்காய்தான் இருந்தது. கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன்.

"நடந்துச்சுடா" என்றார் மாமா, தேங்காயைத் தடவிக்கொண்டே. "அம்புட்டும் நடந்துச்சு. மேளம் மட்டும் பொய்."