வெண்ணிலாவுக்கு ஆகாத வாசனை

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்த அடுக்ககத்தில், மூன்றாம் மாடியில் இருந்தாள் ரோஹிணி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அதனால்தானோ என்னவோ, சொன்ன ஒரு பொய்யும் அவளைச் சும்மா விடவில்லை.

எதிர் வீட்டுக்குக் கொரியாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. புருஷனுக்குக் கார் கம்பெனியில் வேலை. மனைவி மின்ஜிக்கும் இங்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. ஆனால் இரண்டு வயது மகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? ஊர் புதுசு, பாஷையும் தெரியாது. ஏஜென்சிக்காரன் அனுப்பிய ஆட்கள் வந்த வேகத்தில் போனார்கள். கடைசியில் மின்ஜி ரோஹிணியின் வாசலில் வந்து நின்று, ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உங்க வெண்ணிலா என் பொண்ணையும் சேர்த்துப் பார்த்துக்குவாங்களா? நீங்க சரின்னு சொன்னாதான் அவங்ககிட்ட கேட்பேன்."

ரோஹிணி கதவை விடாமல் பிடித்துக்கொண்டாள். அவள் மகன் அச்சுவைப் பார்த்துக்கொள்ள வெண்ணிலா வருவதால்தான் அவளால் ஆபீஸுக்குப் போக முடிகிறது. இன்றைக்குச் சேர்த்துப் பார்ப்பாள், நாளைக்கு அங்கேயே போய்விட்டால்?

"அது வந்து மின்ஜி, வெண்ணிலாவுக்கு மீன் வாசனையே ஆகாது. வாந்தி வந்துடும். உங்க வீட்ல தினம் சமைப்பீங்களே."

சொல்லும்போதே நாக்கு கூசியது. கூசாமல் இருக்குமா? வெண்ணிலாவின் அம்மா அங்காளம்மா கோவளத்தில் மீன் விற்கிறவள். மீன் குழம்பு கொண்டுவரும் நாட்களில் வெண்ணிலா மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். அதுவும் ரோஹிணி சிரித்துக்கொண்டே செய்துவைத்த ஏற்பாடு.

மின்ஜி குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் ரோஹிணிக்குத் தொல்லை. வெண்ணிலா வரும் நேரம் பார்த்து எதிர் வீட்டு ஜன்னலெல்லாம் சாத்தப்பட்டது. வாசலில் ஊதுபத்தி புகைந்தது. லிஃப்டில் வெண்ணிலாவைக் கண்டால் மின்ஜி மீன் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். இதையெல்லாம் பார்க்கும்போது ரோஹிணி செருப்பைத் தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒரு சனிக்கிழமை வெண்ணிலா அச்சுவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பின்னாலேயே ரோஹிணி. எதிர்க் கதவு திறந்தது. ஆரஞ்சுப் பழத் தட்டோடு வந்த மின்ஜி, பழகிவைத்த தமிழில் சொன்னாள்.

"வெண்ணிலா, மன்னிக்கணும். என் வீடு மீன் வாசனை. உங்களுக்கு வாந்தி."

"யாருக்கு? எனக்கா?" வெண்ணிலா சிரித்துவிட்டாள். "இன்னா மேடம் நீங்க. மீன் கூடைக்குப் பக்கத்துலதான் எங்கம்மா எனக்குத் தூளி கட்டிச்சு. யாரு சொன்னது உங்களாண்ட?"

மின்ஜி ரோஹிணியைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெண்ணிலாவின் சிரிப்பு மெதுவாக அடங்கியது.

பாஷை புரியாத குழப்பம் என்று ஒரு வார்த்தையில் மழுப்பியிருக்கலாம். ரோஹிணியின் வாய்வரை வந்ததும் அதுதான். விழுங்கிக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேன் வெண்ணிலா. நீ அங்க போயிடுவியோன்னு."

வெண்ணிலா முந்தானையால் அச்சுவின் மூக்கைத் துடைத்தாள். அவசரமே இல்லாமல் துடைத்தாள்.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாமேக்கா. வுட்டுட்டா போயிருக்கப் போறேன்?" என்றாள். பிறகு எதிர் வீட்டைப் பார்த்தாள். "ரெண்டு புள்ளையையும் சேத்தே பாத்துக்கறேன். அந்த வூட்லயே வச்சுப் பாத்துக்கறேன். மத்தியானம் சோத்தயாவது வூட்டுக்குள்ள குந்தித் துன்னலாம்."

குரலில் கோபமே இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் ரோஹிணி தாங்கியிருப்பாள்.

திங்கட்கிழமை மின்ஜி வேலைக்குப் போனாள். மாலையில் அச்சுவை அழைத்துவர ரோஹிணி எதிர் வீட்டுக்குப் போனபோது, மின்ஜியும் வெண்ணிலாவும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கொரியாவிலும் அதைப் போட்டுத்தான் ரசம் மாதிரி ஒன்று கொதிக்கவைப்பார்களாம். கிள்ளிப்போட்ட தலைகளைக் குழந்தைகள் ஒரு கிண்ணத்தில் போட்டு விளையாடிக்கொண்டிருந்தன.

அச்சு ஓடிவந்து அம்மாவின் மூக்கருகே உள்ளங்கையை நீட்டினான். "மோந்து பாரும்மா."

மோந்து பார்த்தாள்.

"நல்லாருக்கா?"

"ம்."

அவனைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டும்போது, வெண்ணிலா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"போனதும் கையக் கழுவி வுட்டுடுக்கா. உங்க வூட்டுக்கு ஆகாது."

ரோஹிணி திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். அச்சு அதே கையால் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.