வழவழப்பான துரு

சூரிய ஒளியைக் கொண்டு நீரைப் பிரித்து ஹைட்ரஜன் பெறுவதே கல்யாணசுந்தரியின் ஆய்வுப் பொருளாகும். குத்துக்கல்வலசையை ஒட்டிய ஒரு கல்லூரியில் பல ஆண்டுகளாக அவர் இதிலேயே மூழ்கியிருந்தார். ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் தேர்வாளர் வருவார். அவர் கண்ணெதிரே குமிழி எழாவிட்டால் ஆய்வுப் பதிவு ரத்தாகிவிடும்.

குமிழி தரவேண்டிய மின்வாய் ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் இரும்புத் துருவை, கண்ணுக்குப் புலப்படாத நாற்றங்கால்போல, மெல்லிய கம்பிகளாக அவர் வளர்த்திருந்தார்.

விடுமுறை முடிந்த அன்று காலை ஆய்வகத்தைத் திறந்தவர் நேரே மின்வாயிடம் ஓடினார். தகடு மின்னியது. நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"அண்ணாச்சி, இத என்ன செஞ்சிய?"

ஆய்வக உதவியாளர் பேச்சிராஜின் முகத்தில் பெருமை பொங்கியது. "துருவோட சாமிக்கு வைக்கலாமா மேடம்? ஸ்பேனரு, கத்தி, எல்லாத்தையும் தேய்ச்சேன். இது மட்டும் முழுசாப் போவல. ஆனா வழவழன்னு ஆக்கிட்டேன்."

"அந்தத் துருதான் அண்ணாச்சி என் பிஎச்.டி."

"துருவுக்கா பட்டம் குடுக்காவ?"

கம்பிகள் நசுங்கி ஒரே அடையாக அப்பியிருந்தன. தகட்டைப் பிடித்திருந்த கிளிப்புக்கு அடியிலிருந்த ஓரம் மட்டுமே தப்பியிருந்தது. கல்யாணசுந்தரி தகட்டைத் துடைத்து, தலைகீழாகத் திருப்பி, தப்பிய ஓரத்தை நீரில் முக்கினார்.

தேர்வாளர் தில்லைநாயகம் வந்தார். சிறிய சோலார் பேனலின் துணையோடு குமிழிகள் எழுந்தன. அவர் திருப்தியடையவில்லை.

"மறுமுனையும் துருதானே அம்மா? அதையும் முக்குங்க."

முக்கினார். ஒரு குமிழிகூட எழவில்லை.

"பொருள் ஒண்ணுதான் சார், அமைப்புதான் வேற. வெயில் பட்டு உள்ள பிறக்குற மின்னூட்டம் தண்ணியத் தொடணும். குத்தாலம் சீசன்ல மெயின் அருவியில கூட்டத்துக்குப் பின்னால நிக்கவன் குளிக்காமத்தான திரும்புதான்? அடையா இருந்தா அந்தக் கதிதான். கம்பியா இருந்தா எல்லாரும் அருவிக்கு நேர் கீழ நிக்காவ."

தில்லைநாயகம் முதன்முறையாகத் தலையசைத்தார். "நல்ல ஒப்பீடு. பதிவு தொடரலாம். இந்த அடைபோன்ற பரப்பை எந்த முறையில் தயாரித்தீங்க?"

கல்யாணசுந்தரி வாய் திறக்குமுன் பேச்சிராஜ் முன்வந்தார்.

"கோணிச்சாக்குதான் சார். பதமா அழுத்தணும்."

தேர்வாளர் அதனைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். "அறிவியல் முறை என்றால் திரும்பவும் செய்ய முடியணும். செய்து காட்டுவீங்களா?"

பேச்சிராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தப்பிப் பிழைத்த ஓரத்தை நோக்கிக் கை நீட்டினார். கல்யாணசுந்தரி தகட்டைச் சொட்டச்சொட்டத் தம் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.