டஸ்டர் படுத்திருந்த நாள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை, அக்காவுடையது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னாள். முடித்ததும், "இதை எழுதித் தொலைக்காதே" என்றாள். எழுதுகிறவனிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா?

'வகுப்பறையில் ஆழ்ந்த அமைதி நிலவி...' (அடித்துவிட்டேன். ஏழாம் வகுப்பில் என்றைக்கு அமைதி நிலவியிருக்கிறது?)

2

அக்கா கணக்கு டீச்சர். அவளோடு சேர்ந்து ஒரே வகுப்பில், ஒரே பீரியடில் பாடம் நடத்துபவர் அறிவியல் சார். ஒருவர் பலகையில் வேண்டுமென்றே தப்பாக எழுதுவார், மற்றவர் மடக்குவார், பிள்ளைகளும் சண்டையில் குதிப்பார்கள். தப்பு செய்யப்போகிறவர் மேஜைமேல் டஸ்டரை நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். அது இருவருக்குள் மட்டும் ரகசிய அடையாளம். டஸ்டர் படுத்திருந்தால் பலகையில் இருப்பதெல்லாம் சரி.

முதல் வரைவில் சாரைச் சிடுமூஞ்சியாக்கியிருந்தேன். கதைக்குக் கொஞ்சம் காரம் வேண்டாமா? அக்கா தாளை என் மடியில் எறிந்தாள். "அவரா? கோவம் வந்தா நாற்காலிகிட்ட கூட ஸாரி கேக்குற மனுஷன்டா!"

சரி, சாரை நல்லவராக்கிவிட்டேன்.

3

தலைமையாசிரியைக்கு இந்தக் கூட்டணியில் நம்பிக்கையில்லை. "ஒரு பீரியடுக்கு ரெண்டு டீச்சர் எதுக்கு?" கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒருமுறை பார்ப்பார். திருப்தியில்லையென்றால் அடுத்த வாரத்திலிருந்து ஆளுக்கொரு வகுப்பு. அன்று வந்து உட்கார்ந்தும்விட்டார்.

சார் உற்சாகமாக எழுதினார்: ஒரு பஸ் போகும்போது மணிக்கு நாற்பது கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது அறுபது. சராசரி வேகம் ஐம்பது.

அக்கா டஸ்டரைப் பார்த்தாள். படுத்திருந்தது.

அப்படியானால் இது நிஜத் தப்பு. மெதுவாகப் போன வழிக்கு நேரம் அதிகம் பிடிக்குமே, விடை நாற்பத்தெட்டுதான். சாருக்கோ துளியும் சந்தேகமில்லை.

இங்கே ஒரு பிள்ளையை எழுப்பிவிட்டு, "சார், தப்பு!" என்று சொல்லவைத்தேன். (அக்கா: "எழுப்புவே. அதுங்க எல்லாம் அம்பதுன்னு எழுதி அடிக்கோடும் போட்டாச்சு.") அக்காவே திருத்தியிருக்கலாம். ஆனால் தலைமையாசிரியை முன்னால் அவரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. பேசாமல் இருந்தாலோ, வகுப்பே தப்பான கணக்கோடு வீட்டுக்குப் போகும்.

அப்போதுதான் கவனித்தாள். முதல் பெஞ்சுப் பெண் பலகையைப் பார்க்கவில்லை. டஸ்டரைப் பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டினாள், நோட்டை மூடினாள். பக்கத்தில் இருந்தவளும் அப்படியே.

அடப்பாவிகளா! எத்தனை நாளாகத் தெரியும் இதுகளுக்கு?

4

அக்கா சாக்பீஸ் எடுப்பதுபோல் மேஜைக்குப் போய், டஸ்டரை நிமிர்த்தி வைத்தாள்.

வகுப்பு மொத்தமும் கையைத் தூக்கியது. என்ன தப்பென்று ஒருவருக்கும் தெரியாது, தப்பு இருக்கிறது என்று மட்டும் தெரியும். பிறகு ஆளுக்கொன்று கத்தி, அடித்து, திருத்தி, கடைசியில் நேரக் கணக்கைப் பிடித்துவிட்டார்கள். சார் தான் நிமிர்த்தாத டஸ்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "அட, ஆமா!" என்று காது சிவக்கச் சிரித்தார்.

இதைச் சொன்னபோது அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த மனிதர்மேல் அவளுக்கு எவ்வளவு பாசம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

5

மணியடித்ததும் தலைமையாசிரியை முன்னால் வந்தார். "அந்தத் தப்பு, முன்னாடியே பேசி வச்சதுதானே?"

"ஆமா மேடம்" என்றாள் அக்கா.

"இல்ல மேடம்" என்றார் சார்.

இரண்டும் ஒரே நேரத்தில்.

(இங்கே தலைமையாசிரியை வாய்விட்டுச் சிரித்து, இருவர் கையையும் குலுக்கி... அக்கா அடித்துவிட்டாள். "அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லலடா. திங்கக்கிழமை சொல்றேன்னு போயிட்டாங்க. நீயா முடிக்காதே.")

முடிக்கவில்லை. தலைமையாசிரியையின் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். எதிரே இரண்டு பேர் திருதிருவென்று விழிக்கிறார்கள். அவள் அவருக்காகப் பொய் சொன்னாள், அவர், தப்பைப் பிடித்த பேர் அவளுக்குப் போகட்டும் என்று, உண்மையைச் சொன்னார். இவர்களை ஆளுக்கொரு வகுப்புக்கு அனுப்ப உங்களுக்கு மனசு வருமா?