கை நனைக்க வந்த அண்ணன்

அண்ணன் சங்கரலிங்கம் போனில் அதிகம் பேசவில்லை.

"ஞாயித்துக்கெழம பாவநாசத்துல குளிச்சிட்டு நேரே அங்கதான் வாரேன். மத்தியானச் சோறு ஒன் வீட்ல."

செண்பகவல்லிக்கு அந்தக் கடைசி வார்த்தைகள் மட்டும்தான் காதில் விழுந்தன. ஐந்து வருஷத்துக்கு முன் அப்பா இறந்த வீட்டில், ஊர் மொத்தமும் உட்கார்ந்திருக்கையில், அவள் அண்ணனைப் பார்த்துக் கேட்டிருந்தாள்: "அப்பாவுக்கு ஒழுங்காச் சோறு போட்டியளா?" காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது, "இனி ஒன் வீட்ல கை நனைக்க மாட்டேன்" என்றார். அதன் பிறகு இரண்டு முறை வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கணவன் உலகநாதன் சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு வைக்க சாம்பார்ல உள்ளிய வலைபோட்டுத் தேடணும். அண்ணன் வாராருன்னதும் அரைக் கிலோவா?"

"பேசாம உரிங்க. அவியளுக்கு முழுசு முழுசாக் கெடக்கணும்."

பருப்பு குழைந்திருந்தது. கொத்தமல்லி, வற்றல், கொஞ்சம் வெந்தயம், கடைசியில் தேங்காய் என்று வறுத்து எடுத்தாள். சிறுவயதில் அண்ணன் வெங்காயத்தை எல்லாம் தன் தட்டுக்கு ஒதுக்கிக்கொள்வார். அவள் அழுதால் ஒன்றே ஒன்றைத் திருப்பிப் போடுவார். நல்லெண்ணெயில் வெங்காயம் வதங்கி ஓரம் பொன்னிறமாகும்வரை அவள் அடுப்பை விட்டு நகரவில்லை. அவசரப்பட்டுப் புளியை ஊற்றினால் விறைத்துக்கொள்ளும். மிக்சியில் அரைத்தால் போதாதென்று அன்றைக்கு அம்மியைக் கழுவினாள். பொரியலிலும் கூட்டிலும்கூட வெங்காயம் சேர்த்தாள். ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போட்டாள். எதிலும் குறை இருக்கக் கூடாது.

ஒன்றரை மணிக்கு அண்ணன் வந்தார். நெற்றி நிறைய திருநீறு. முகம் வாடியிருந்தது.

"காலைல என்ன சாப்பிட்டிய?"

"ஒண்ணும் இல்லட்டி. இங்க வந்து சாப்பிடலாம்னுதான்."

ஓடிப்போய் இலை போட்டாள். அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கூட்டும் பொரியலும் வைத்துச் சோற்றைப் போட்டதும், "காக்காய்க்கு வச்சிட்டியா?" என்று கேட்டார்.

"இங்க அதெல்லாம் பழக்கம் இல்லண்ணே" என்று சிரித்துக்கொண்டே சாம்பாரை அள்ளினாள். கரண்டி நிறைய வெங்காயம்.

அவர் கை சட்டென்று இலைமேல் குறுக்கே வந்தது. கூட்டைப் பார்த்தார், பொரியலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "மோர் இருக்காட்டி?" என்றார்.

"மொதல்ல சாம்பார் ஊத்திக்கிடுங்க."

"வயிறு சரியில்ல. மோர் போதும்."

"என்ன மச்சான், ஒங்களுக்காக உரிச்சு எம் வெரலெல்லாம் நாறுது" என்றான் உலகநாதன். "ஒரு கரண்டி ஊத்திக்கிட்டா கோவம் கொறஞ்சா போயிரும்?"

அவர் லேசாகச் சிரித்தார். வெறும் சோற்றை ஓரமாக ஒதுக்கி, உப்பும் மோரும் விட்டுப் பிசைந்தார். ஊற்றாத கரண்டியைப் பிடித்தபடி செண்பகவல்லி நின்றாள். ஐந்து வருஷமாகக் காத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"மோர்ச் சோத்துக்கா இவ்வளவு தூரம் வந்திய? இன்னும் மனசுல வச்சிருக்கியன்னா வராமலே இருந்திருக்கலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மோர்ச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு எழுந்தார். "வாரேன் மாப்ளே. வாரேன்ட்டி." உலகநாதன் அவரைப் பஸ்ஸ்டாண்டில் விட வண்டியை எடுத்தான்.

இலையை எடுத்துப் போடப் பின்பக்கம் போனபோது பக்கத்து வீட்டுச் சொர்ணம் மதினி சுவருக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"காலைலருந்து ஒங்க வீட்டு உள்ளி வாசம் ஆளத் தூக்குது. அமாவாசையும் அதுவுமா எங்களச் சோதிக்கியே."

செண்பகவல்லி இலையோடு அப்படியே நின்றாள்.

மாமனார் சேரன்மாதேவியில் சுகமாக இருக்கிறார். அதனால் இந்த வீட்டில் அமாவாசை கிடையாது. அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விடுவது மகன் வேலை. இன்று ஆற்றில் அதைச் செய்துவிட்டு, பட்டினியாக, வெங்காயம் சேர்க்காத அந்த ஒரு வேளைச் சோற்றை அவள் கையால் சாப்பிட வந்திருக்கிறார்.

போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"சொல்லுட்டி."

"அண்ணே, இன்னைக்கு அமாவாசைல்லா."

"ஆமா."

"சொல்லிருக்கக் கூடாதா?"

"சொன்னா ஒனக்கு எப்படி இருக்கும்? அவ்வளவு ஆசையா வச்சிருந்த."

"நான் வேற வாய்க்கு வந்தபடி... அண்ணே, அன்னைக்கு அப்பா எறந்த வீட்லயும் நான்..."

"அத விடு."

"இல்லண்ணே, கேளுங்க."

"கண்டக்டர் வாராரு. வச்சிருதேன்."

"அடுத்த அமாவாசைக்கு வருவியளா? உள்ளி இல்லாம, பூசணிக்கா போட்டு வைக்கேன். காக்காய்க்கும் வைக்கேன்."

"பாப்போம்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

உலகநாதன் திரும்பி வந்து பசியோடு உட்கார்ந்தான். சாம்பாரை விட்டுப் பிசைந்து ஒரு வாய் போட்டதும் தலையாட்டினான்.

"இப்படி ஒரு சாம்பார் நீ வச்சதே இல்ல."

அவள் அவன் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.